எழுத்து தண்டனையாகலாகாது

வாய் ஓயாமல் கதை சொல்லும் பிள்ளை, கொப்பியை விரித்ததும் முகம் சுளிக்கின்றது. பெற்றோர் பலர் இதனைச் சோம்பல் என்றே கருதுகின்றனர். பெரும்பாலும் காரணம் அதுவன்று.

ஐந்து, ஆறு வயதில் விரல் தசைகளும் மணிக்கட்டு எலும்புகளும் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. சிறிது நேரம் எழுதினாலே கை சோர்ந்துவிடும். கம்பளை போன்ற மலையக நகரொன்றின் பிள்ளைக்குச் சுமையும் அதிகம். தமிழில் மட்டும் 247 எழுத்துகள். சிங்களமும் ஆங்கிலமும் வேறு. குர்ஆன் மத்ரஸா செல்லும் பிள்ளை, வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு எழுத்தையும் பழக வேண்டும்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும் பிள்ளை அரிசியில் விரலால் எழுதுகின்றது. அல்குர்ஆனின் 68ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘எழுதுகோல்’. எழுத்தை இவ்வாறு போற்றும் நாமே, தவறு செய்த பிள்ளையை நூறு முறை எழுதவைத்துத் தண்டிக்கின்றோம். தண்டனையாக வந்ததை எந்தப் பிள்ளை விரும்பும்?

பிள்ளை சொல்லும் கதையைப் பெற்றோர் முதலில் எழுதிக் காட்டலாம். கடைச் சாமான் பட்டியல், வெளிநாட்டிலுள்ள தந்தைக்கு இருவரி மடல், பெருநாள் அல்லது பொங்கல் வாழ்த்து ஆகியவற்றைப் பிள்ளையே எழுதட்டும். தன் எழுத்தை வாசிக்க ஒருவர் உண்டென அறிந்தால் ஆர்வம் பிறக்கும். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த வேண்டியதில்லை. தொடர்ந்தும் இடர்ப்பட்டால் கண் பரிசோதனை செய்வது நன்று.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எண்ணி முதலாந் தரத்திலேயே எழுத்தைச் சுமையாக்கினால், பரீட்சை முடிந்ததும் பிள்ளை எழுதுகோலைக் கைவிட்டுவிடும். பெற்றோரும் ஆசிரியர்களும் இதனை மனங்கொள்ள வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.