கற்கருவி செய்கையில் நேரும் பிழைகள்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சாலை போடக் குவித்திருக்கும் கருங்கல் ஜல்லியில் ஒன்றை எடுத்து, ஆதி மனிதனைப் போலக் கைக்கோடரி செய்ய ஒரு மாணவர் முயல்வதாக வைத்துக்கொள்வோம். கல் சில்லாகப் பெயராது; பொடிப்பொடியாக உதிரும். குறை அவருடைய கையில் இல்லை, கல்லில்தான் இருக்கிறது. கருங்கல் பலவகைப் படிகங்கள் சேர்ந்தது. விரிசல் அப்படிகங்களின் எல்லைகளைப் பற்றிக்கொண்டு கோணல்மாணலாக ஓடும்.

1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்திலும், பின்னர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்த கருவிகள் குவார்ட்சைட் கல்லால் ஆனவை. இக்கல்லில் மணல் துகள்களைச் சிலிக்கா இறுகப் பிணைத்திருக்கிறது. ஆகவே விரிசல் துகள்களையும் ஊடுருவிச் செல்லும். சிப்பியின் உட்புறம்போல வளைந்த முறிவு கிடைக்கும். தட்டினால் கணீரென ஒலிக்கும் கல்லே ஏற்றது. ஒலி மந்தமாயிருந்தால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும்.

நல்ல கல் கிடைத்த பின்னும் நான்கு தொல்லைகள் நேரும். அவற்றைக் காண்போம்.

சில்லு பெயரவே இல்லையா? அடிக்கும் பரப்புக்கும் சில்லு பெயர வேண்டிய பக்கத்துக்கும் இடையேயுள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்கவேண்டும். உருண்டைக் கூழாங்கல்லில் இத்தகைய இடம் எங்குள்ளது என்று தேடி, அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

விளிம்பு நொறுங்குகிறதா? அது அடியைத் தாங்க வலுவற்ற மெல்லிய விளிம்பு. சொரசொரப்பான கல்லால் தேய்த்து, சற்று மழுக்கிய பின் அடிக்கவேண்டும்.

சில்லு பாதியிலேயே படிபோல முறிகிறதா? விசை போதவில்லை, அல்லது கல்லில் முன்னரே ஒரு மேடு தடுக்கிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் மேடு வளரும். எதிர்ப்புறத்திலிருந்து நீண்ட சில்லு ஒன்றைப் பெயர்த்து அதை நீக்கலாம்.

முடியும் தறுவாயில் கருவி இரண்டாக முறிகிறதா? மெலிந்த கல் அடியின் அதிர்வைத் தாங்கவில்லை. தொடைமீது தடித்த தோலை விரித்து, அதில் கல்லை அணைத்துப் பிடித்தால் அதிர்வு குறையும்.

ஆதி மனிதனும் இத்தொல்லைகளைச் சந்தித்தவனே. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டனர். தொல்லியலார் முழுக் கருவிகளை மட்டுமன்றிக் கழிவுச் சில்லுகளையும் திரட்டுகின்றனர். எங்கே அடித்தான், எங்கே பிசகினான், எப்படித் திருத்தினான் என்பதை அவையே சொல்லும். அத்தகைய இடத்தில் நாம் புதிதாகக் கல் உடைத்தால் பழைய சான்றோடு புதியது கலந்துவிடும். அங்கிருந்து ஒரு சில்லை எடுத்தாலும் சான்று குறையும்.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட திருவக்கரைக் கல்மரங்களுக்கும் இது பொருந்தும். அவற்றிலும் சிலிக்கா உண்டு. பர்மாவின் ஐராவதிப் பள்ளத்தாக்கில் கல்மரத்தால் கருவிகள் செய்திருக்கிறார்கள். ஆயினும் திருவக்கரை மரங்கள் பாதுகாக்கப்படும் தேசியச் செல்வம், தொடலாகாது.

பழக விரும்புவோர் குவார்ட்சைட் கூழாங்கல்லை வேறிடத்தில் வாங்கி, பெரியவர் துணையுடன் திறந்தவெளியில் செய்க. கண்ணாடியும் கையுறையும் அணிக. கல் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலைக் கெடுக்கும். உடைத்த சில்லுகளைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துக.