வீட்டு இலக்கம் இல்லாதவர்களும் வெற்றுப் பெட்டியும்

பசறை, லுணுகலை, ஹாலிஎல பகுதித் தோட்டங்களில் லயனில் வசிக்கும் ஒருவர் இணையத்தில் விண்ணப்பமொன்றை நிரப்பும்போது தடுமாறும் இடம் 'வீட்டு இலக்கம், வீதி' என்ற பெட்டி. பலருக்கு அந்த இரண்டுமே இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயருமே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறுகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கைக்கு வருவது மலையகத்தில் பழைய கதை.

இந்த 'இல்லை' என்பது கணினித் துறைக்கும் பழைய தலைவலி. ஒரு பெட்டியில் எதுவுமே இல்லை என்பதைக் குறிக்கும் வெற்றுப் பெறுமதியை ஆங்கிலத்தில் 'நல்' என்பார்கள். 1965இல் அல்கோல் டபிள்யூ மொழிக்காக அதை உருவாக்கியவர் டோனி ஹோர். 2009இல் அதைத் தனது 'நூறு கோடி டொலர் தவறு' என்று அவரே சொன்னார். காரணம் எளிது. பெட்டியில் ஏதோ இருக்கிறது என்று நம்பி நிரல் அதைத் திறக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் நின்றுவிடுகிறது. 2025 ஜூன் 12ஆம் திகதி கூகுள் கிளவுட் சேவைகள் உலகெங்கும் மணிக்கணக்கில் முடங்கியது, வெறுமையாக விடப்பட்ட சில தரவுப் புலங்களால்தான்.

கொட்லின், ஸ்விஃப்ட், டார்ட் போன்ற மொழிகள் இதற்கு ஒரு வழி கண்டன. வெறுமையாக இருக்கக்கூடிய தரவின் வகைக்குப் பக்கத்தில் நிரலாளர் ஒரு கேள்விக்குறி இடவேண்டும். இட்டுவிட்டால், 'இது இல்லாவிட்டால் என்ன செய்வது?' என்பதற்கும் அவர் பதில் எழுதவேண்டும். எழுதாமல் அந்தத் தரவைப் பயன்படுத்த முயன்றால் தொகுப்பி நிரலை ஏற்காது. டார்ட் மொழி 2023இல் வெளியான மூன்றாம் பதிப்பிலிருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஆனால் தொகுப்பிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகவரிக்குக் கேள்விக்குறி இடாமல் 'கட்டாயம் நிரப்பவும்' என்று எழுதினாலும் அது திருப்தியடையும்; நிரலும் நிற்காது. நிரப்புபவரோ வேறு வழியின்றி பூச்சியம் என்று அடிப்பார், அல்லது டவுனில் தெரிந்தவரின் கடை முகவரியைக் கொடுப்பார். வெற்றுப் பெட்டிக்குப் பதிலாகப் பொய்த் தரவு உள்ளே போகிறது. தனிப்பட்ட தரவுகள் சரியானவையாக இருக்கவேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தவறான தரவைத் தரும்படி படிவமே ஒருவரை நெருக்கினால், அந்தத் தவறு யாருடையது?

எனவே படிவம் வடிவமைப்பவர்கள் வீட்டு இலக்கத்துக்கு ஒரு கேள்விக்குறி இடட்டும். அது இல்லாதவரிடம் தோட்டம், டிவிஷன், லயன் இலக்கம், கிராம அலுவலர் பிரிவு ஆகியவற்றைக் கேட்கட்டும். கடிதத்தோடு தொலைபேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி போகட்டும். நிரலில் இதற்குச் சில வரிகள் போதும்.

லயனில் இருப்பவருக்குத் தனி முகவரி கொடுப்பது அரசின் கடமை. அது கிடைக்கும்வரை, முகவரி இல்லை என்பதற்காக ஒரு விண்ணப்பம் நின்றுபோகாமல் பார்ப்பது நிரலாளரின் கையில் இருக்கிறது.