கையைப் பார்த்துக் கட்டும் கல்

எங்கள் அக்கா மகளுக்குத் தை மாதம் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மோதிரம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முன்பெல்லாம் தோட்டத்தில் பரிசம் போட்டு, தட்டு மாற்றினால் காரியம் முடிந்தது. இப்போது மோதிரம் இல்லாமல் போட்டோ இல்லை. நல்லவேளை, கல்லுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அம்மாயியின் மூக்குத்தியில் இருந்த ஒற்றை வைரம் ஒரு மருந்து டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றிக் கிடந்தது. மிளகைவிடச் சிறிது. அதை எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வி. அக்கா மகள் போனில் ஒரு படம் காட்டினாள்: மெல்லிய வளையம், அதன்மேல் உயரமாக ஆறு கால்கள், கால்களின் நுனியில் கல்.

"இதே மாதிரி வேணும் மாமா."

படம் அழகுதான். நான் பார்த்ததோ போனைப் பிடித்திருந்த கையை. காலையில் அந்தக் கை கொழுந்து எடுக்கிறது. பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி கொத்துகிறது. கினிகத்தேனை மழையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டிலேயே அதிகம் நனையும் வட்டவளைக்குச் சற்றுக் கீழே இருக்கிறோம்; வருடத்தில் பாதி நாள் ஈரக் கைதான். நகைக்கடையில் கல் எத்தனை சென்ட் என்று கேட்பார்கள், பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பார்கள். இந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த ஆறு கால் கட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1886இல் நியூயார்க்கின் டிஃப்பனி நிறுவனம் அதை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் பெரும்பாலான கற்கள் உலோகத்துக்குள் புதைந்து கிடந்தன. கல்லைத் தூக்கி நிறுத்தி, எல்லாப் பக்கமும் தெரியவைத்ததுதான் புதுமை. தென்னாப்பிரிக்காவில் 1867இல் வைரம் கண்டுபிடிக்கப்பட்டு, கல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கல்யாண மோதிரத்துக்கு வைரம் என்ற பழக்கம் அதைவிடப் பழையது. 1477இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டியின் மேரிக்குக் கொடுத்த மோதிரத்தை உதாரணமாகச் சொல்வார்கள். அந்தக் கைகள் கொழுந்து எடுத்தவை அல்ல.

கால் கட்டை நம் பக்கம் பிராங் என்கிறார்கள். ஒவ்வொரு காலின் உட்பக்கமும் சிறு பள்ளம் வெட்டுவார்கள். கல்லின் இடுப்பு விளிம்பு அந்தப் பள்ளத்தில் உட்காரும். பிறகு கால் நுனியைக் கல்லின் மேல் வளைத்து அமுக்கிவிடுவார்கள். கல்லைப் பிடித்திருப்பது அந்த நுனிகள் மட்டுமே. நான்கு கால் கட்டில் ஒன்று தேய்ந்தோ நிமிர்ந்தோ போனால் கல் போனதாகவே கொள்ளலாம். ஆறு என்றால் ஒன்று போனாலும் மற்றவை தாங்கக்கூடும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு: மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள், கல் ஆடினால் மெல்லிய கிடுகிடு சத்தம் கேட்கும். அல்லது பஞ்சால் மேலே தடவுங்கள். நார் சிக்கினால் ஏதோ ஒரு கால் நுனி நிமிர்ந்திருக்கிறது. பஞ்சில் சிக்குவது கொழுந்துக் கூடையிலும் இடுப்பில் கட்டிய படங்கிலும் தேயிலைக் கிளையிலும் சிக்காமலா இருக்கும்?

"வைரம்தான் உலகத்திலேயே கடினமானதாச்சே, அதுக்கு என்ன ஆகும்?" என்று அக்கா கேட்டாள். எல்லாரும் கேட்பது. கடினம் என்பது கீறல் விழாமை. மோஸ் அளவில் வைரத்துக்கு 10. இன்னொரு வைரத்தால்தான் அதைக் கீற முடியும். ஆனால் அதன் படிக அமைப்பில் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் இருக்கின்றன. விறகில் ரேகை போகும் திசையில் கோடாரி சுலபமாக இறங்குவதைப் போல, அந்தத் திசையில் ஒரு தட்டு விழுந்தால் வைரம் தெறிக்கும். பட்டை தீட்டுவோர் காலங்காலமாக வைரத்தை இரண்டாகப் பிளந்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். மெல்லிய இடுப்பு விளிம்புதான் அதிகம் அடிபடும் இடம். கால் கட்டில் அந்த விளிம்பு கால்களுக்கு இடையே வெறுமனே நிற்கிறது.

மாற்று வழி சுற்றுக்கட்டு. கடையில் பெசல் என்று கேட்டால் புரியும். கல்லைச் சுற்றி வேலி போட்டதுபோல ஒரு தங்கத் தகடு. அதன் மேல் ஓரத்தை உள்நோக்கித் தேய்த்து அழுத்திக் கல்லின் இடுப்பைப் பூட்டிவிடுவார்கள். எங்கும் கால் நுனி இல்லை, எதிலும் சிக்காது. விளிம்பு முழுவதும் உலோகத்துக்குள். கல்லைத் தாழ்வாக இறக்கியும் உட்கார வைக்கலாம். வளையத்திலேயே குழி போட்டுக் கல்லைப் புதைக்கும் இன்னொரு முறை இருக்கிறது. மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், ஆனால் கட்டும்போது உலோகத்தைத் தட்டி ஒடுக்க வேண்டும் என்பதால் கைபழகாதவர் கல்லைத் தெறிக்கவிடுவார். வளையம் முழுக்கப் பொடிக் கல் பதிக்கும் வகைகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பின்னாளில் அளவைப் பெரிதாக்குவது சிரமம். பொடிக் கல் ஒவ்வொன்றாக உதிரும்.

தங்கத்திலும் ஒரு இழுபறி உண்டு. நம் வீடுகளில் 22 காரட்டுக்குக் குறைந்தால் நகையே அல்ல. காரணம் எல்லோருக்கும் தெரியும்: பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் ஆஸ்பத்திரிச் செலவும் வரும்போது நகை அடகுக் கடைக்குப் போக வேண்டும். அங்கே கல்லுக்கு மதிப்பில்லை, அதன் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்தைத்தான் நிறுப்பார்கள். ஆனால் 22 காரட் தங்கம் மென்மையானது. மெல்லிய கால்களுக்கு 18 காரட்டோ பிளாட்டினமோதான் ஏற்றது என்று நல்ல பத்தர்கள் சொல்வார்கள். சுற்றுக்கட்டில் இந்த மென்மையே நன்மையாகிவிடுகிறது, ஓரம் வெடிக்காமல் வளைந்து கல்லை அணைத்துக்கொள்ளும். வட இந்தியக் குந்தன் வேலையில் 24 காரட் தங்கத் தகடைச் சூடே இல்லாமல் அழுத்தி அழுத்தியே ஒட்டவைக்கிறார்கள். ஆக, அடகுக் கடையையும் கல்லையும் சேர்த்துத் திருப்திப்படுத்த சுற்றுக்கட்டு ஒரு வழி. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் நிச்சய மோதிரம் வாங்கும்போது அடகையும் நினைத்துத்தான் வாங்குகிறோம்.

"மூடிக் கட்டினா ஒளி உள்ளே போகாதே மாமா, மங்கிடாதா?"

இது நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் பௌதிகம். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அதனால் உள்ளே போன ஒளி கீழ்ப் பட்டைகளில் சுமார் 24 பாகைக்கு மேல் சாய்வாக மோதினால் வெளியேற முடியாது. கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். நன்றாக வெட்டிய வைரத்தில் மேலிருந்து போகும் ஒளி ஒரு பக்கத்தில் மோதி, எதிர்ப் பக்கத்தில் மோதி, மேலேயே திரும்புகிறது. 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டு எழுதியது இந்தக் கோணங்களைத்தான். அடியிலிருந்து ஒளி வந்தால்தான் கல் மின்னும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் நன்றாக வெட்டிய கல்லின் மினுக்கு மேலிருந்து வருவது.

பிறகு ஏன் அடியைத் திறந்துவிடச் சொல்கிறேன்? அழுக்குக்காக. வைரம் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை இழுத்து ஒட்டிக்கொள்ளும். சுரங்கங்களில் நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு கிரீஸ் பூசிய மேசை மேல் ஓடவிட்டால் வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் நெடுங்காலம் வைரம் பொறுக்கினார்கள். நம் கையில் தேங்காய் எண்ணெய், சோப், இலைச் சாறு எல்லாம் உண்டு. கல்லின் அடியில் எண்ணெய் படிந்தால் அந்த 24 பாகை ஏறத்தாழ 37 ஆகிவிடும். திரும்ப வேண்டிய ஒளியில் ஒரு பகுதி அடிவழியே ஒழுகிவிடும், கல் செத்ததுபோல் தெரியும். ஆகவே சுற்றுக்கட்டு, அடியில் மட்டும் ஒரு சிறு துவாரம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற டூத் பிரஷால் அந்தத் துவாரம் வழியே தேய்த்தால் போதும்.

அம்மாயியின் மூக்குத்தி முழுக்க மூடியதாக இருந்தது. பத்தர் அதைத் திறந்தபோது கல்லின் பின்பக்கம் கருத்துப் போயிருந்தது. கழுவியதும் பிள்ளை வாயைப் பிளந்துவிட்டாள். ஒரு எச்சரிக்கை: பழைய மூடிய நகைகளில் எல்லாக் கல்லையும் இப்படித் திறந்துவிட முடியாது. அடி தட்டையான ரோஸ் கட் கற்களும் இருக்கும். அவற்றுக்கு ஒளியைத் திருப்பும் கூம்பு கிடையாது. பின்னால் வைத்த மினுக்குத் தகடுதான் மின்ன வைக்கிறது. அவற்றைத் திறந்து கட்டினால் கண்ணாடித் துண்டுதான்.

அதற்கும் முன் இன்னொரு சோதனை இருக்கிறது. இலங்கை மண்ணில் நீலமும் புஷ்பராகமும் கிடைக்கும், வைரம் தோண்டப்படுவதில்லை. ஆனால் மாத்தறை வைரம் என்று ஒன்று பரம்பரை நகைகளில் வைரமாகவே உலவுகிறது. அது நிறமற்ற சர்க்கோன் கல். மினுக்கில் நன்றாகவே ஏமாற்றும். லென்ஸால் மேலிருந்து உற்றுப் பார்த்தால் பின்பக்கப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. சர்க்கோனின் பட்டை முனைகள் சுலபமாகத் தேய்ந்து உதிரும் என்பதால் வேலை செய்யும் கைக்கு அது ஆகாது, மூக்கிலோ காதிலோ இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கல்லைச் சோதித்துக்கொள்ளலாம். எங்கள் கல் வைரமாகவே இருந்தது. அம்மாயி எப்படி வாங்கினார் என்பதை யாரும் கேட்டு வைக்கவில்லை.

கல்லைக் கொடுக்கும் முன் எடையையும் குறுக்களவையும் எழுதி வாங்குங்கள். வட்டக் கல்லில் பத்து சென்ட் என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், ஒரு காரட் என்றால் 6.5. லென்ஸ் வழியே போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்; உள்ளே இருக்கும் புள்ளி, கீறல்தான் கல்லின் அடையாளம். பத்தரைச் சந்தேகப்படுவதாக ஆகாது; நல்ல பத்தர் தானே எழுதித் தருவார். கல் இருக்கும்போதே பற்றவைக்க வேண்டி வந்தால் எப்படிச் செய்வீர்கள் என்றும் கேளுங்கள். வைரம் வெறும் கார்பன்; காற்றில் 700, 800 பாகை சூட்டில் அதன் மேற்பரப்பு எரிந்து வெண்மையாக மங்கலாம். அதற்குத்தான் போரிக் அமிலம் பூசிவிட்டு நெருப்புக் காட்டுகிறார்கள்.

எந்தக் கட்டாக இருந்தாலும் தேயிலைத் தொழிற்சாலை ரோலர் பக்கம் மோதிரத்தோடு போகக் கூடாது. அங்கே கல்லைவிட விரல் முக்கியம்.

படத்தில் பார்த்த ஆறு கால் மோதிரத்தை அவள் சட்டென்று விட்டுக்கொடுக்கவில்லை. பத்தர் தன் பெட்டியிலிருந்து இரண்டு பித்தளை மாதிரிகளை எடுத்தார், ஒன்று கால் கட்டு, ஒன்று சுற்றுக்கட்டு. இரண்டையும் போட்டுக்கொண்டு ஸ்வெட்டர் கைக்குள் கையை நுழைக்கச் சொன்னார். முதலாவது பாதியிலேயே நின்றுவிட்டது.

கடைசியாக அளவு. குளிரில் விரல் சுருங்கும், வேலை செய்து சூடேறினால் வீங்கும். நுவரெலியாவில் சரியாக இருக்கும் மோதிரம் கொழும்பில் இறுகும். கொழுந்து எடுப்பவர்களுக்கு விரல் கணு வேறு தடித்திருக்கும். கணுவைத் தாண்டி இறங்க வேண்டும், தாண்டியபின் சுழலவும் கூடாது.

"அளவு எடுக்க எப்ப வர, பத்தரய்யா? லீவு நாள்ல வரவா, இல்ல கொழுந்து எடுத்துட்டு அப்படியே வரவா?"

பத்தர் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கொழுந்து எடுத்துட்டே வாம்மா."