ஜீப்பை உயர்த்துமுன் குனிந்து பாருங்கள்

ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய மகிந்திரா ஜீப் இருக்கிறது. துறையூர் தாண்டிப் பச்சைமலையில் தோட்டம். மழை பெய்து ஓய்ந்தால் தோட்டத்துப் பாதையில் வண்டி அடி தட்டுகிறது. ‘இரண்டு அங்குலம் தூக்கி வைக்க லிஃப்ட் கிட் போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். குறைந்த செலவில் எந்த கிட் நல்லது?’ என்பது அவர் கேள்வி.

முதலில் நான் அவரிடம் கேட்க விரும்புவது, தட்டுவது எது என்பதைத்தான். பழைய ஜீப்பில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு ஹவுசிங் இணைக்கிறது. அதன் நடுவில், மெக்கானிக்குகள் கிரவுன் என்று சொல்லும் பற்சக்கரம் உட்கார்ந்திருக்கும் உருண்டை. பெரும்பாலும் வண்டியின் மிகத் தாழ்ந்த இடம் அதுதான். அந்த ஹவுசிங் சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங் தாங்கும் பகுதியில் சேராதது. ஸ்பிரிங்கில் என்ன செய்தாலும் மேலே போவது சேஸிஸும் பாடியும் மட்டுமே. உருண்டை இருந்த உயரத்திலேயே இருக்கும். பாதை நடுவே துருத்தி நிற்கும் கல்லில் லிஃப்ட் போட்ட ஜீப்பும் போடாத ஜீப்பும் ஒரே மாதிரிதான் இடிக்கும். உருண்டையை உயர்த்த வேண்டுமானால் விட்டம் கூடிய டயர்தான் வழி. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் உருண்டை ஓர் அங்குலம் உயரும். லிஃப்ட் கிட் விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? மேட்டில் ஏறும்போது முன் பம்பர் மண்ணில் குத்துகிறதா, இறங்கும்போது பின்பக்கம் உரசுகிறதா, வரப்பைத் தாண்டும்போது நடு வயிறு தட்டுகிறதா? இந்த மூன்றுக்கும் லிஃப்ட் உதவும். பெரிய டயர் போட்டால் அது மட்கார்டில் உரசாமலிருக்கவும் இடம் கிடைக்கும். வாசகரின் ஜீப்பில் தட்டுவது இவற்றில் ஒன்றாக இருந்தால் மேலே பேசலாம்.

இருப்பதிலேயே மலிவான வழி நீளமான ஷாக்கிள். பட்டையின் ஒரு கண் சேஸிஸில் நேராக மாட்டியிருக்கும். மறு கண் ஷாக்கிள் என்னும் இரண்டு சிறு இரும்புத் தகடுகளில் தொங்கும். பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடுமே, அந்தக் கூடுதலுக்கு இடம் கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்தத் தகடுகளை இரண்டு அங்குலம் நீளமாக வெட்டிப் போட்டால் வண்டி இரண்டு அங்குலம் உயரும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓர் அங்குலம்தான் உயரும். பட்டையின் ஒரு முனை மட்டும் இரண்டு அங்குலம் இறங்குகிறது, மறுமுனை நகர்வதே இல்லை. ஹவுசிங் நடுவில் இருப்பதால் அதற்குப் பாதிதான் கிடைக்கும்.

இங்கே பாதிப் பலனைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடக்கிறது. ஒரு முனை மட்டும் இறங்கினால் பட்டை சாய்கிறது. பட்டையோடு யு போல்ட்டால் இறுக்கப்பட்ட ஹவுசிங்கும் சாய்கிறது. பட்டையின் நீளம் 1,100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. இறக்கத்துக்கு இரண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம். ஷாக்கிள் பின்முனையில் இருக்கும் வண்டியில் ஹவுசிங்கின் மூக்கு (கியர்பாக்ஸ் பக்கம் நீண்டிருக்கும் முனை) அந்த அளவுக்கு மேல்நோக்கித் திரும்பும். வெறும் இரண்டரை டிகிரிதானே என்று தோன்றும். அது என்ன செய்கிறது என்று பார்க்க வண்டிக்கடியில் படுக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் பக்கமிருந்து பின் ஹவுசிங்குக்கு ஒரு தண்டு சரிவாக வருகிறது. அதன் இரு முனைகளிலும் கூட்டல் குறி வடிவில் ஓர் உருப்படி இருக்கும். பட்டறையில் அதற்குக் கிராஸ் என்று பெயர். தண்டு சாய்ந்திருந்தாலும் சுழற்சியைக் கடத்துவது அதன் வேலை. கடத்துகிறது, ஆனால் உள்ளபடியே கடத்துவதில்லை. இந்தப் பக்கத் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் கிராஸுக்கு அப்பால் உள்ள தண்டு ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்துகிறது, இருமுறை பிந்துகிறது. சுற்றுகளின் எண்ணிக்கை இருபக்கமும் சமம். ஒவ்வொரு சுற்றின் உள்ளேயும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் இரண்டு தண்டுகளின் முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவடுகள் இரண்டு வேறு தளங்களில் வட்டம் போடுகின்றன. ஒரு தண்டின் நேருக்கு நின்று பார்த்தால் மற்றதன் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். வட்டத்தில் சம இடைவெளியில் வைத்த புள்ளிகள் அந்த நீள்வட்டத்தில் சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விலகியும் நிற்கும். அடுத்தடுத்த கைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ள ஒரே கிராஸை இரண்டு தண்டுகளும் பிடித்திருப்பதால், அந்த நெருக்கமும் விலக்கமும் வேக வேறுபாடாக வெளிப்பட்டே தீரும். எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. இது வடிவியலின் விதி.

கிராஸ் மூட்டின் கோணம், அதாவது இரு தண்டுகளுக்கிடையே உள்ள சாய்வு, 5 டிகிரி என்றால் வேகம் மேலும் கீழும் 0.4 சதவீதம் ஆடும். 10 டிகிரியில் 1.5 சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதத்துக்கு மேல். கோணம் இரண்டு மடங்கானால் ஆட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஜீப்பின் தண்டு விநாடிக்கு 40 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுழலும். ஆட்டம் அதைப்போல் இரண்டு மடங்கு, விநாடிக்கு 75 முறைக்கு மேல். இருக்கைக்கடியில் ‘உம்’மென்று வரும் அதிர்வு அதுதான்.

பிறகு எப்படி இத்தனை வண்டிகள் அமைதியாக ஓடுகின்றன? மறுமுனையில் இன்னொரு கிராஸ் இருப்பதால். முதல் கிராஸ் முந்தவிடும் நேரத்தில் இரண்டாவது பிந்தவிடுகிறது. தவறு முழுக்க நடுத்தண்டோடு அடங்கிவிடுகிறது, ஹவுசிங்குக்குள் நுழைவது சீரான சுழற்சி. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைக் காட்ட நம்பெருமாள் புறப்பாடு போதும். பெருமாளைச் சுமந்து ஸ்ரீபாதம் தாங்கிகள் நடக்கும்போது பாதம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்குகிறது. பாதம் ஏறிய அளவுக்கு முழங்கால் மடங்கினால் தோள் அதே மட்டத்தில் நிற்கும், மேலே பெருமாளுக்கு அசைவு தெரியாது. பாதம் முதல் கிராஸ், முழங்கால் இரண்டாவது கிராஸ், நடுவே எல்லா ஆட்டத்தையும் வாங்கிக்கொள்ளும் கெண்டைக்கால்தான் நடுத்தண்டு. இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு நிபந்தனைகள். முழங்கால் மடங்கும் அளவு பாதம் ஏறிய அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். மூட்டுப் பிடித்துக்கொண்டு பாதிதான் மடங்கினால் மிச்சம் தோளுக்கு வரும். மடங்கும் தருணமும் சரியாக இருக்க வேண்டும். பாதம் இறங்கும் நேரத்தில் முழங்கால் மடங்கினால் ஆட்டம் இரட்டிப்பாகித் தோளுக்கினியான் பல்லக்கு குலுங்கிவிடும். தண்டிலும் இதே இரண்டு நிபந்தனைகள்தான். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு கவடுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தண்டைப் பிரித்து மாட்டும்போது நடுவில் உள்ள பல் வரிசையில் ஒரு பல் தள்ளிச் சொருகினாலும் தருணம் தப்பிவிடும். நல்ல மெக்கானிக் கழற்றும் முன் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது அதனால்தான்.

இப்போது நீள ஷாக்கிளுக்கு வருவோம். இரு முனைகளிலும் 6 டிகிரி இருந்தது என்று கொள்வோம். வண்டி ஓர் அங்குலம் உயர்ந்ததால் இரண்டும் ஏறத்தாழ 8 ஆகின்றன. ஹவுசிங்கின் மூக்கு மேலே திரும்பியதால் பின்முனை மட்டும் 5 ஆகக் குறைகிறது. எட்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று கழித்துவிட முடியாது. இங்கே கழிக்க வேண்டியது வர்க்கங்களை. 64-இலிருந்து 25 போக 39, அதன் வர்க்கமூலம் 6-க்குச் சற்று மேல். அதாவது, துணைக்கு ஆள் இல்லாத ஒற்றை மூட்டை 6 டிகிரியில் மாட்டி ஓட்டுவதற்கு இது சமம். ஓர் அங்குல உயரத்துக்குக் கொடுக்கும் விலை, நிரந்தர அதிர்வும் சீக்கிரம் தேயும் கிராஸும். முன்பக்கம் கதை வேறு. ஷாக்கிள் முன்முனையில் உள்ள வண்டியில் அதை நீட்டினால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் போய்விடும்.

வரலாறு கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். இந்தக் கிராஸ் மூட்டுக்கு 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டானோவின் பெயரும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக்கின் பெயரும் வழங்குகின்றன. ஆட்டத்தைக் கவனித்து ஆராய்ந்தவர் ஹூக். சூரியக் கடிகாரத்தின் தளத்தில் நிழல் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அந்தச் சீரின்மையும் மூட்டின் சீரின்மையும் ஒன்றே என்று கண்டு, இந்தக் குறையையே அவர் கருவியாக்கினார். பள்ளியில் படித்த ஸ்பிரிங் விதியை 1678-இல் வெளியிட்டவரும் அவரே. ஜீப்பின் பின்பாதி முழுவதும் அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கின்றன.

மற்ற மலிவு வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் வண்டியில் இரண்டுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தலாம், ஆனால் பின்பக்கத்துக்கு மட்டும்தான் அது ஆகும். முன்பக்கம் பிரேக் அழுத்தத்தில் கட்டை நழுவினால் உயிருக்கு ஆபத்து. பட்டைக் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்கலாம். ஒரே தடிமனில் ஐந்து இருந்த இடத்தில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். சுமை ஏற்றுபவருக்கு இது பரவாயில்லை, காலி வண்டியில் முதுகு வலிக்கும். மாருதி ஜிம்னி போலக் காயில் ஸ்பிரிங்கும் முழு ஹவுசிங்கும் உள்ள வண்டியில் ஸ்பிரிங்கின் தலையில் ஸ்பேசர் வைக்கிறார்கள். விறைப்பு மாறாது, ஆனால் பழைய ஷாக் அப்சார்பரையே விட்டுவைத்தால் சக்கரம் கீழே தொங்கும் தூரம் ஸ்பேசரின் அளவுக்குக் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுழலும். 2020-க்குப் பிறகு வந்த மகிந்திரா தாரின் முன்பக்கத்தில் கணக்கு தலைகீழ். அங்கே ஸ்பிரிங் கட்டு, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நடுப்பகுதியில் நிற்பதால், மேலே வைக்கும் ஓர் அங்குல ஸ்பேசர் சக்கரத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலமாகப் பெருகும். பழைய ஜீப்பின் ஷாக்கிளில் பாதியாகக் குறைந்தது இங்கே கூடுகிறது. கூடவே பந்து மூட்டுகளின் கோணமும் கூடும்.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. இரு சக்கரங்களுக்கிடையே 1,400 மி.மீ., எடைமையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்றால், கணக்குப்படி வண்டி 45 டிகிரி பக்கவாட்டுச் சரிவில் கவிழும். எடைமையம் 50 மி.மீ. உயர்ந்தால் 43 டிகிரி. நிற்கும் வண்டிக்கே இந்தக் கணக்கு. ஓடும் வண்டி ஸ்பிரிங்கில் சாய்வதால் இதற்கு வெகு முன்பே கவிழும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர்கள் இந்த இரண்டு டிகிரியை அலட்சியம் செய்யக்கூடாது. சட்டமும் இடம் கொடுக்கவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. எந்த கிட்டையும் வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வாசகருக்கு என் யோசனை இதுதான். சமதரையில் ஜீப்பை நிறுத்திப் பட்டைகளைப் பாருங்கள். பல ஆண்டு ஓடிய பட்டை வளைவு இழந்து தட்டையாகியிருக்கும். கம்பெனி வளைவில் புதுப் பட்டைக் கட்டும் புது புஷ்களும் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும். ஹவுசிங் சாயாது, கிராஸ் கெடாது, சட்டமும் குறுக்கே வராது. என் கணக்கில் மிகச் சிக்கனமான லிஃப்ட் கிட் அதுவே. பழைய பட்டையையே அடித்து வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தித் தருவாரா என்று கேளுங்கள். வெறுமனே அடித்து வளைத்தது சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும். ஈர மண்ணிலும் கொள்ளிடம் போன்ற ஆற்று மணலிலும் சக்கரம் புதைவதுதான் தொல்லை என்றால், டயரில் காற்றைக் குறைப்பது எந்த லிஃப்ட்டையும்விட உதவும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் நிரப்பிவிட வேண்டும்.

இதற்குப் பிறகும் உயரம் போதவில்லை என்றால், அனுமதி கிடைத்தபின், பட்டையும் அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும் முழுக் கட்டாக வாங்குங்கள். மாட்டும் முன் கைபேசியில் உள்ள சாய்வுமானியைக் கியர்பாக்ஸ் பக்கத் தண்டு, நடுத்தண்டு, ஹவுசிங் மூக்கு மூன்றிலும் வைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பின், வண்டி தன் கால்களில் நிற்கும்போது மறுபடி அளந்து பாருங்கள். இரு முனைக் கோணங்களும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால், பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே வைக்கும் சாய்வு ஆப்பு அதைச் சரிசெய்யும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பாருங்கள். விறைத்தால் நீள ஹோஸ் போடாமல் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்காதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை ஒருமுறை மீண்டும் முறுக்கிவிடுங்கள்.