செயற்கைப் பல்வேர்: தகுதியும் சமூகநிலையும்

தைற்றானியம் உயிருள்ள என்போடு இறுகப் பிணைவதை 1952 இல் சுவீடன் ஆய்வாளர் பிரேனமார்க் கண்டறிந்தார். 1965 இல் அவ்வுலோகத்தாலான செயற்கைப் பல்வேரை மனிதத் தாடையிற் பதித்தார். அத்தகைய பிணைப்பு ஒருவரது தாடையில் நிகழுமா என்பதை முன்கூட்டியே ஆராய்வதே தகுதிநிர்ணயமாகும்.

தாடையென்பின் உயரமும் அகலமும் கதிர்ப்படத்தால் அளக்கப்படும். முரசுநோய் இருப்பின் அது முதலிற் குணமாக்கப்படல் வேண்டும். கட்டுப்படாத நீரிழிவும் புகைத்தலும் காயம் ஆறுவதைத் தடுக்கும். தாடையிற் கதிர்ச்சிகிச்சை பெற்றோர்க்கும், என்புத்தேய்வுக்கான சில மருந்துகளைப் பெறுவோர்க்கும் தாடையென்பு மடியும் அபாயமுண்டு. தாடை வளர்ச்சி முற்றுப்பெறாத இளையோர் காத்திருத்தல் வேண்டும்.

எனினும், இவற்றை வெறும் உடற்குறைகளாக நாம் கருதுதல் பொருந்தாது. பல்லைப் பிடுங்கிய இடத்தில் என்பு படிப்படியாகக் கரைகிறது. பல்லைக் காக்கும் சிகிச்சைக்குப் பணமும் ஓய்வும் இல்லாத உழைப்பாளி அதனைப் பிடுங்குவித்து விடுகிறார். பின்னர் வசதி வாய்ப்பினும் வேரைத் தாங்கப் போதிய என்பு இருப்பதில்லை. ஆதலின், 'தகுதியற்றவர்' என்பதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. நீரிழிவைக் கட்டுப்படுத்தலாம், புகைத்தலை நிறுத்தலாம், குறைந்த என்பை ஒட்டுச்சிகிச்சையாற் பெருக்கலாம். எவை மாற்றத்தக்கவை, அம்மாற்றத்திற்கான காலமும் பணமும் எவரிடம் உள்ளன என்னும் வினாக்களையும் நாம் எழுப்பும்போதே தகுதிநிர்ணயம் முழுமைபெறும்.