ஆனைப்புளியும் ஆனையின் வேலையும்

மன்னார்த் தீவில் பள்ளிமுனைப் பக்கம் நிற்கும் பெருக்கமரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவன் அதை ஒரு மரமென்று ஒப்புக்கொள்ளச் சற்றுத் தயங்குவான், உயரம் 7.5 மீட்டரே இருக்க, அடிமரமோ 19.5 மீட்டர் சுற்றளவுக்குப் பருத்து, பெரிய நெற்குதிரின் தலையில் நாலைந்து சுள்ளிகளைச் செருகிவைத்தாற்போல் அந்த விருக்ஷம் காட்சி தருகிறது. அரபு வியாபாரிகள் தங்கள் ஒட்டகங்களுக்குத் தழையாகுமென்று கொண்டுவந்தார்கள் என்பது கர்ணபரம்பரை. நட்ட வருஷம் 1477 என்று அங்குள்ள பலகை சொல்லும். ஆனைப்புளி, பப்பரப்புளி என்றும் வழங்கும் இம்மரத்தின் ஜாதியில் எட்டு இனங்கள் உண்டு. ஆறு மடகாஸ்கருக்கே உரியவை. அவற்றுள் பெரியேரி என்ற இனத்தில் முதிர்ந்த மரங்கள் 250கூட இல்லை.

நம்மிடம் வந்த ஆப்பிரிக்க இனம் உலகில் அவ்வளவு அரிதன்று. ஆயினும் இங்கே கிழமரங்களின் அடியில் கன்றுகளைக் காண்பது அபூர்வம். காரணம் விதையில் இருக்கிறது. வெல்வெட்டுப் போன்ற ஓட்டை உடைத்தால், புளிப்பான வெண்மாவுக்குள் புதைந்திருக்கும் அவ்விதையின் தோல் ஜலத்தை எளிதில் உள்ளே விடாது. தன் சொந்த தேசத்தில், யானை காயைத் தின்று, வயிற்றுக்குள் அத்தோல் இளகி, இலத்தியோடு விழுந்தபின் முளைப்பது அதற்கு வழக்கம். மன்னார்த் தீவில் யானைக்கு எங்கே போவது? தப்பி முளைத்ததையும் ஆடுமாடுகள் விட்டுவைப்பதில்லை.

ஆகவே ஆனையின் வேலையை அரம் செய்யவேண்டும். விதையின் ஓரத்தை உள்வெண்மை தெரியுமட்டும் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஒருநாள் ஊறவைத்து, மணல் மிகுந்த மண்ணில் விரற்கடை ஆழத்தில் சித்திரை வெயிலில் ஊன்றினால், சில வாரங்களில் முளை தலைகாட்டும். முதலில் வருபவை ஒற்றை இலைகள். கைவிரல்களாகப் பிரிந்த இலைகள் பிற்பாடுதான் வரும்.

ஏரிகள் நிறைந்த எங்கள் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்தில் இதற்குப் பெரிய சத்துரு ஐப்பசி மழை. புறக்கடைப் பள்ளத்தில் நான் முதலில் வைத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, முள்ளங்கிபோல் பருத்திருந்த வேர் கையிலேயே குழைந்துவிட்டது. அடுத்ததை மேடு கட்டி வைத்தேன். தை மாதம் இலையெல்லாம் உதிர்ந்து அது மொட்டைக் குச்சியாக நின்றபோது, கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த என் பையன், “பாவம்பா, காஞ்சு போச்சே!” என்று ஒரு குடம் தண்ணீரோடு வந்தான். அதைப் பக்கத்து வாழைக்கு ஊற்றச் சொன்னேன்.