கப்பல் நிற்கும் நேரமும் கடலடிக் கணக்கும்

2023 ஜூன் நடுப்பகுதியில் காங்கேசன்துறைக்கு வந்த ‘எம்பிரஸ்’ என்ற சுற்றுலாக் கப்பலை நம்மவர் பலர் ஓர் இந்தியக் கப்பலாகவே நினைத்திருக்கிறார்கள். சென்னை, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, மறுபடி சென்னை என்று ஓடியதால் அப்படி நினைத்ததில் தவறில்லை. ஆனால் அது கரீபியனில் வளர்ந்த கப்பல். பிரான்ஸின் சென் நசேர் கட்டுந்துறையில் ரோயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரோடு ஓட்டத்துக்கு வந்தது. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நான்கு இரவுப் பயணங்கள், பிற்காலத்தில் கியூபா. அதன் பின்னர்தான் இந்திய நிறுவனமான கோர்டேலியாவின் கைக்கு வந்து நம் கரையைத் தொட்டது.

எதிர்த்திசையில் போனது வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல். அது அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் நங்கூரமிட்ட 1938ஆம் ஆண்டோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பாயும் பாய்மரமும் கொண்டு ஊரவர் போன அந்தக் கடலுக்கு, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடுமுறைக்குப் போகிறார்கள். பனிக்காலம் வந்தால் புளோரிடாவுக்கு விமானம், அங்கிருந்து கரீபியனுக்கு ஏழு நாள் கப்பல். போகிற இடத்தில் வெறுமனே மணலில் கிடக்க அவர்களுக்கு மனமில்லை. கப்பல் நிற்கும் துறைகளில் சிலிண்டர் கட்டிக் கடலடிக்கு இறங்க ஆசைப்படுகிறார்கள். அதை எப்படி ஒழுங்கு செய்வது என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். வீடு திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். எந்தத் தீவு, எந்தப் பாறை, எத்தனை டொலர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

காரணம் உடம்பில் இருக்கிறது. பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் தண்ணீர் நம்மை அழுத்துகிறது. பதினெட்டு மீற்றரில் கரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு அழுத்தம். சிலிண்டரில் இருப்பது வெறும் ஒட்சிசன் என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரணமாக அதில் அடைப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான், அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆழத்தில் அந்த நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து ஏறும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு மூச்சாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல்போல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் தாங்க முடியாத வலி. முள்ளந்தண்டில் கட்டினால் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடும். அதனால்தான் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது என்றும், ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள்.

கரைக்கு வந்தவுடன் இந்தக் கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. மிச்ச நைதரசன் மணிக்கணக்காக உடம்பில் இருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றர் மலை உச்சியில் இருப்பதைப் போலத்தான் இருக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் அடங்கிக் கிடந்த நைதரசன் குமிழியாகக் கிளம்பும். ஒரே ஒரு தடவை, விதிக்குள் இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல தடவை இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது ‘டைவர்ஸ் அலேர்ட் நெட்வேர்க்’ என்ற சுழியோடிகளின் மருத்துவ அமைப்பு தரும் வழிகாட்டல். கடைசித் துறையில் இரண்டு தடவை இறங்கி மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று வையுங்கள். மறுநாள் காலை கப்பல் புளோரிடாவை அடைகிறது, ஒன்பது மணிக்கு விமானம். பதினேழு மணி நேரம்தான் ஆகியிருக்கும். அந்த இறக்கத்தை விட வேண்டும், அல்லது விமானத்தை மாலைக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

இலங்கையில் விடுமுறை கழிப்பவர்களுக்கும் இது பொருந்தும். காலையில் திருகோணமலையில் இறங்கிவிட்டு அன்றைக்கே வாகனத்தில் நுவரெலியா ஏறுவது நம்மவர் வழக்கம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. உடம்புக்கு அது விமானம் ஏறியதற்குச் சமம். சென் லூசியா, டொமினிக்கா போன்ற மலைத்தீவுகளில் காலையில் சுழியோட்டம், மாலையில் மலைச் சவாரி என்று ஒரே நாளில் இரண்டையும் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலையை முதல் நாளும் கடலை மறுநாளும் வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

அடுத்தது துறையில் கிடைக்கும் நேரம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று கப்பல் அட்டவணை சொல்லும். ஒன்பது மணி நேரமும் உங்கள் கையில் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கிராண்ட் கேமனில் பெரிய கப்பல்கள் அணையும் பாலம் இல்லை. கப்பல் வெளியே நிற்க, சிறு படகுகளில்தான் ஜோர்ஜ் டவுனுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடலாம். திரும்பி ஏறவும் அதே வரிசை. இரண்டு சிலிண்டர் பயணம் என்றால் படகோட்டம், முதல் இறக்கம், மேற்பரப்பில் இளைப்பாறும் நேரம், இரண்டாம் இறக்கம் என்று அரைநாள் வேண்டும். கொசுமெலில் வேறொரு பொறி. அந்தத் தீவு இருக்கும் குயின்ரானா றூ மாநிலம் 2015இல் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. மாரியில் புளோரிடாவும் கொசுமெலும் ஒரே மணி, கோடையில் ஒரு மணி நேர வித்தியாசம். சுழியோட்டக் கடைக்காரர் தீவு நேரத்தில் ஒன்பது என்பார், கப்பல் தன் கடிகாரத்தில் புறப்படும். எந்தக் கடிகாரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கப்பலிலேயே பதிவு செய்வதா, வெளியே உள்ளூர்க் கடையில் பதிவு செய்வதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கப்பல் ஒழுங்கு செய்த பயணம் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும், அல்லது அடுத்த துறைக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியே பதிந்தவருக்காக நிற்காது. வெளியே விலை குறைவு, கூட்டம் குறைவு, வழிகாட்டி உங்களைக் கவனிப்பார். என் எண்ணம் இது: முதல் தடவை போகிறவரும் சிறு படகில் கரையேற வேண்டிய துறையில் இறங்குகிறவரும் கப்பலோடு போகட்டும். கொசுமெல்போலக் கப்பல் பாலத்தில் அணையும் இடத்தில், அனுபவமுள்ளவர் வெளியே போகலாம். அப்போதும் கப்பல் குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கரை சேரும் பயணத்தையே தெரிவு செய்ய வேண்டும்.

இடத்தெரிவில் ஆசைதான் பெரிய எதிரி. பெலிஸ் என்றதும் எல்லாரும் ‘புளூ ஹோல்’ என்பார்கள். 1971இல் கடலாய்வாளர் ஜாக் கூஸ்ரோ தன் ‘கலிப்சோ’ கப்பலோடு போய் உலகுக்குக் காட்டிய, 120 மீற்றருக்கு மேல் ஆழமான வட்டக் குழி. அது பெலிஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளி, வெளிப்பாறையில் இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டிய சுண்ணாம்புத் தூண்கள் 40 மீற்றர் ஆழத்தில் தொங்குகின்றன. ஆரம்பச் சான்றிதழ் வைத்திருப்பவரின் எல்லை 18 மீற்றர். தூரத்தாலும் ஆழத்தாலும் அது கப்பற்பயணிக்கான இடமல்ல. நம் கிழக்குக் கடலிலும் இதற்கு இணையான ஒன்று கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே. அதைப் பார்க்கத் தனிப் பயிற்சியும் தனி வாயுக் கலவையும் வேண்டும்.

ஒரு நாள் பயணிக்கு ஏற்றவை வேறு. கொசுமெலின் பலங்கார் பாறையில் நீரோட்டமே ஆளைச் சுமந்துபோகும், படகு பின்னால் வந்து ஏற்றிக்கொள்ளும். கிராண்ட் கேமனில் ‘கிற்றிவேக்’ என்ற பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பலை 2011இல் வேண்டுமென்றே மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள், ஆரம்பக்காரரும் பார்க்கக்கூடிய ஆழத்தில். பொனெயர் தீவு 1979இலேயே தன்னைச் சுற்றியுள்ள கடலைப் பூங்காவாக்கியது, கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். ‘எம்பிரஸ்’ வந்த பாதையில் கேட்டால் திருகோணமலையைச் சொல்வேன். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. சுவாமிமலைப் பாறைக்குக் கீழே கோணேசர் கோயிலின் சிதைந்த தூண்கள் கிடக்கின்றன, 1956இல் சுழியோடி மைக் வில்சன் இறங்கிக் கண்டவை. சோளகம் வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் தெளிந்திருக்கும். வாடை தொடங்கினால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எல்லாம் சரியாக ஒழுங்கு செய்தும் துறையடியில் ஆட்களைத் திருப்பி அனுப்புவது ஒரு தாள். படகேறும் முன் மருத்துவக் கேள்விப் படிவம் ஒன்றைத் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா, நீரிழிவு உண்டா, காதில் சத்திரசிகிச்சை செய்ததுண்டா, நாளாந்தம் மருந்து எடுக்கிறீர்களா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று அடையாளமிட்டால் வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் இறக்கமாட்டார்கள். துறையடியில் கையொப்பத்துக்கு எங்கே போவது? நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பொய்யாக ‘இல்லை’ போட்டு இறங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் படிவம் முன்கூட்டியே கிடைக்கும். ஊரிலேயே உங்கள் வைத்தியரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். சுழியோடிகளுக்கான காப்புறுதியையும் அப்போதே எடுங்கள். கண்ணாடியும் ஆழமானியும் சொந்தமாக இருக்கட்டும், சிலிண்டரையும் ஈயத்தையும் அங்கே தருவார்கள். தடிமன் பிடித்திருந்தால் காசு போனாலும் பரவாயில்லை, கப்பலிலேயே இருங்கள். அடைத்த காதோடு இறங்கினால் செவிப்பறை கிழியும்.

நாம் வல்வெட்டித்துறையார் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமிக்கும் ஆழிக்குமரன் ஆனந்தனுக்கும் உரிய கரை இது. கடல் நமக்குப் பழக்கம் என்ற துணிச்சல் பிறப்போடு வருகிறது. சிலிண்டரோடு இறங்கும்போது அந்தத் துணிச்சலே ஆபத்து. முத்துக்குளிப்பிலும் சங்குக்குளிப்பிலும் கல்லைப் பிடித்து இறங்கிய நம் முன்னோர் மூச்சை அடக்கினார்கள். அது அவர்கள் வித்தை. சிலிண்டர் கட்டியவர் மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீற்றர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். நல்ல நீச்சற்காரர்தான் பதற்றத்தில் மூச்சடக்கி மேலே பாய்வார். ஆகவே சான்றிதழ் இல்லாதவர் எவ்வளவு நீந்தினாலும், ஆசிரியர் கைபிடித்து 12 மீற்றருக்குள் கொண்டுபோகும் அறிமுக இறக்கத்தோடு நிற்க வேண்டும்.

கரீபியனில் கப்பல்கள் நிற்கும் துறைகளில் ஹொண்டூராஸின் றோட்டானும் ஒன்று. அழகான பாறை, நல்ல கடைகள், அவசரத்துக்கு, குமிழி கட்டியவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை. அதே நாட்டின் கிழக்குக் கரையில் மிஸ்கிற்றோ மக்கள் சிங்கி இறால் பிடிக்கச் சிலிண்டரோடு இறங்குகிறார்கள். பயிற்சி இல்லை, ஆழமானி இல்லை, ஒரு நாளில் எத்தனை சிலிண்டர் என்ற எல்லையும் இல்லை. எத்தனையோ பேர் கால் விளங்காமல் கிடக்கிறார்கள். 42 சுழியோடிகளுக்கு நேர்ந்த கதிக்காக 2021இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் ஹொண்டூராஸ் அரசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பு வழங்கியது. உல்லாசப் பயணியையும் உழைப்பாளியையும் நனைப்பது ஒரே கடல்தான். ஒருவரிடம் கணக்கு இருந்தது, மற்றவருக்கு யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

நம் வடகடலில் கடலட்டைக்கு இறங்கும் இளைஞர்களை நினைக்கும்போது எனக்கு மிஸ்கிற்றோக் கரைதான் கண்முன் வருகிறது. சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போகும் அட்டைக்காக இரவில் இறங்குகிறார்கள். நோ கண்டால் ‘குளிர் பிடித்துவிட்டது’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடப்பவர் உண்டு. அப்படிக் கிடக்கக்கூடாது. உடனே ஒட்சிசன் கொடுத்து, படுத்தபடியே, அழுத்த அறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். திருகோணமலையில் கடற்படையிடம் அப்படியொரு அறை இருக்கிறது.

ஆகவே கப்பலேறும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள், சிலர் ஆசிரியர்களாகவும் இருக்கிறீர்கள். சுழியோட்டப் பயிற்சி எங்கும் நீச்சல் தடாகத்தில்தான் தொடங்குகிறது. வல்வெட்டித்துறை ரேவடியில் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் ஒரு தடாகம் இருக்கிறது. சித்திரையில் முத்துமாரி அம்மன் திருவிழாவுக்கும் இந்திர விழாவுக்கும் ஊர் வரும்போது, ஆசிரியராக இருப்பவர்கள் சில நாட்களை ஒதுக்கி, அட்டைக்கு இறங்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆழமானி பார்க்கவும், மெதுவாக ஏறவும், ஐந்து மீற்றரில் நிற்கவும் கற்றுக்கொடுங்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆழமானி வாங்கி வந்து கொடுங்கள்.

(தொடரும்)